ரேஸ் எண்ணெய், பங்க் பெட்ரோல், ஒரு குடம் பால்

டர்போ வைத்த காருக்கு ரேஸ் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்று இன்றும் யாராவது என் எதிரில் சொன்னால் எனக்கு மூக்கு விடைக்கும். அதைப் பற்றி என்னோடு வாதாட வருகிறவர்கள் முதலில் என் வலது புருவத்தைப் பார்க்கட்டும். இடது புருவத்தைவிட அது கொஞ்சம் குட்டை. ஏன் குட்டை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருத்தணியில் நான் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். மெட்ராஸ் டாக்சிகள் எல்லாம் எந்தக் காரோ, என்னுடையதும் அதே சின்னக் கார்தான். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலை உச்சியில் கோயில் வாசலில் இறக்கிவிடுவது வேலை. சமதரையில் குதிரை. நான்கு பேரையும் மூட்டைகளையும் வைத்து மலைப்பாதையில் திருப்பினால் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். "கொஞ்சம் இறங்கி நடக்கிறீங்களா? காத்து நல்லா இருக்கு" என்று பின்னால் திரும்பிச் சொல்வேன். காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் இறங்கி, டிக்கியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே முருகனிடம் போவார்கள். ஒரு புது மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு தள்ளியிருக்கிறார். மணப்பெண் உள்ளே உட்கார்ந்தபடி, "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளுங்க" என்றாள். அந்தக் குடும்பம் எப்படி நடக்கப் போகிறது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

என் அக்காள் புருஷன், அதாவது எங்கள் பாவா, அரக்கோணம் போகிற ரோட்டில் ஒரு ஷெட் போட்டிருந்தார். அதற்கு முன்பு மெட்ராஸில் பந்தயக் கார்களுக்கு வெல்டிங் பற்றவைக்கிற வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் ஒரு மெட்ராஸ்காரர் அவரைத் தேடிக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மரப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் சோழவரத்தில் கார் பந்தயம் ஓட்டுகிறவர். அவருடைய பந்தயக் காரின் எஞ்சின் வெடித்துப் போயிருந்தது. பெட்டிக்குள் இருந்தது டர்போ. கப்பலில் வந்த சரக்கு. நத்தை மாதிரி சுருண்ட இரும்பு. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை அதில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரம் உள்ளே போகிற காற்றை அழுத்தித் திணிக்கும். நிறையக் காற்று, நிறைய எண்ணெய், நிறைய இழுவை.

"இதை ஒரு கார்ல மாட்டிப் பார்க்கணும். மலை ஏத்திப் பார்த்தாத்தான் தெரியும். என் காரும் இதே மாடல்தான்" என்று சொல்லிவிட்டு அவர் என் டாக்சியைப் பார்த்தார். வரன் பார்க்க வந்தவர் மாதிரியே பார்த்தார்.

நான் ஒத்துக்கொண்டேன். இனி யாரையும் இறங்கித் தள்ளச் சொல்ல வேண்டாம் என்பது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. பாவா ராப்பகலாகப் பற்றவைத்தார். எல்லாம் முடிந்து, மறுபடி ரயிலில் வந்த மெட்ராஸ்காரர் ஒரு தகர டின்னை இறக்கியபோதுதான் விஷயம் வேறு மாதிரி திரும்பியது. டின் மேல் மண்டையோடு போட்டிருந்தது. மூடியைத் திறந்தால் சாராய வாடை.

"இது மெத்தனால். ரேஸ் எண்ணெய். இதுக்குத்தான் செட்டிங் பண்ணணும். டர்போ போட்டு பங்க் பெட்ரோல் ஊத்தினா தட்டும்" என்றார்.

தட்டல் என்றால் இன்னதென்று அவரே பொறுமையாகச் சொன்னார். சொன்னது அத்தனையும் சரி, அதை மறைக்க மாட்டேன். காற்றை அழுத்தித் திணித்தால் உள்ளே சூடு ஏறும். அந்தச் சூட்டைப் பங்க் பெட்ரோல் தாங்காது. பிளக்கின் பொறி பற்றவைத்த நெருப்பு வந்து சேருவதற்கு முன்பே தானாக வெடிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி சத்தம் கேட்கும். சத்தம் நீடித்தால் பிஸ்டன் ஓட்டை. ரேஸ் எண்ணெய் உள்ளே போகும்போதே எல்லாவற்றையும் குளிர்வித்துவிடும், எவ்வளவு அழுத்தினாலும் தட்டாது.

"சார், இந்த டின்னு தீந்து போச்சுன்னா நான் இன்னா பண்றது?"

"மெட்ராஸ் வந்து வாங்கிக்க."

"மெட்ராஸ் வர்றதுக்கு எண்ணெய்?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அதுக்குத்தான் சொல்றேன், டிரைவர். காரை எனக்கு வித்துடு. நல்ல விலை தர்றேன். என்கிட்டயே சம்பளத்துக்கு இரு. நீயே ஓட்டு."

என் காரை எனக்கே ஓட்டக் கொடுக்கிறாராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ரேஸ் எண்ணெய்க்குச் செட்டிங் செய்த கார் என் வாசலில் நின்றாலும் கயிற்றின் மறுமுனை மெட்ராஸில் இருக்கும். அவர் எண்ணெய் கொடுத்தால் ஓடும், கொடுக்காவிட்டால் அதற்குள் கோழி முட்டையிடும்.

"பங்க் பெட்ரோல்லயே ஏத்தறேன் சார்."

"ஏறாது. தட்டும்."

"தட்டாம ஏத்தறேன்."

அவர் சிரித்தார். "சரி. முதல்ல என் எண்ணெய்ல என் செட்டிங்கை ஓட்டிப் பாரு. அப்புறம் உன் பங்க் பெட்ரோல்ல, டாக்சி லோடோட, அடிவாரத்திலேர்ந்து உச்சி வரைக்கும் ஏத்து. தட்டாம ஏறிட்டா டர்போ உன்னுது. தட்டிச்சுன்னா கார் என்னுது, விலை நான் சொல்றதுதான். சரியா?"

"ஆங், சரி" என்றது வாய். பாவா என்னை ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"மச்சான், இன்னா சொல்லிட்டு வந்துகீற? அந்தாளு சொல்றது கரீக்டுடா. எனக்கே பயமா கீது."

"உனக்குமா? அப்போ சரியாத்தான் பண்றோம்" என்றேன். இதில் அர்த்தம் எதுவும் இல்லை. பயத்தில் இருக்கும்போது நான் இப்படித்தான் ஏதாவது அறிவாளி மாதிரி சொல்லிவைப்பேன்.

மறுநாள் முற்பகலில் ரேஸ் எண்ணெய் ஓட்டம். லோடு இல்லை. நான், பக்கத்தில் மெட்ராஸ்காரர், பின்னால் பாவா. மிதித்தேன். அடுத்த நிமிடம் என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. விசில் அடித்துக்கொண்டு கார் வளைவுகளை விழுங்கியது. எப்போதும் என்னை முந்திப் போகிற மலை பஸ்ஸை நான் முந்தினேன். பஸ் டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை அப்படியே கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம். "முருகா, முருகா" என்று யாரோ அலறுவது கேட்டது. உச்சிக்குப் போய் நின்ற பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

"இப்போ சொல்லு" என்றார் மெட்ராஸ்காரர்.

அவர் செட்டிங் அற்புதம். பானட்டைத் திறந்தால் அதைவிட அதிசயம். அத்தனை வெயிலில், எஞ்சினில் எண்ணெயும் காற்றும் கலந்து போகிற குழாயின் மேல் பனி படிந்திருந்தது. வெள்ளையாக, நிஜப் பனி. கூட்டம் கூடிவிட்டது. எனக்கும் தலைக்கு ஏறிவிட்டது. பனியைச் சுரண்டிச் சுரண்டி ஆட்களின் உள்ளங்கையில் வைத்தேன். "தொட்டுப் பாருங்க, நம்ம மலையில பனி!" குழாயின் மூட்டிலிருந்து எண்ணெய் சொட்டி என் கையெல்லாம், சட்டை முழங்கை வரைக்கும் நனைந்திருந்தது. அதை நான் பனி உருகின தண்ணீர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் வண்டியில் புதிதாக ஒரு ஹாரன் மாட்டினாலும் மலைக்கு வந்து பூஜை போடாமல் விடமாட்டோம். டர்போவுக்குப் போடாமல் இருப்போமா? வண்டி பூஜை செய்கிறவரைக் கூப்பிட்டேன். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பிறகு கற்பூரத் தட்டை நீட்டினார். நான் பக்தியோடு இரண்டு கையையும் கற்பூரச் சுடர் மேல் காட்டி, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒரு செய்தியை மட்டும் மெட்ராஸ்காரர் எனக்குச் சொல்ல மறந்திருந்தார்.

கை சுடுகிறது. பார்த்தால் ஒன்றும் இல்லை. புருவம் பொசுங்குகிற வாடை வருகிறது. பார்த்தால் ஒன்றும் இல்லை. கையை உதறினேன். குதித்தேன். "ஐயோ! ஆ! முருகா!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆடினேன். மலைக்கோயில் வாசலில், கற்பூரம் ஒற்றின அடுத்த நொடி, ஓர் ஆள் கண்ணை மூடிக்கொண்டு இப்படி ஆடினால் எங்கள் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

"சாமி வந்துடுச்சு! அரோகரா!"

எங்கிருந்தோ பம்பைக்காரர்கள் வந்து அடிக்கத் தொடங்கினார்கள். நான் எரிச்சலில் எவ்வளவு வேகமாகக் குதித்தேனோ அவ்வளவு வேகமாக அவர்களும் அடித்தார்கள். "தீ! தீப்பிடிச்சிருக்கு!" என்று மெட்ராஸ்காரர் கத்தினார். "எங்கய்யா தீ? கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரு" என்றார் ஒருவர். பாவாவுக்கு மட்டும் புரிந்தது. சோழவரத்தில் இதே மாதிரி ஓர் ஆள் காரணமே இல்லாமல் தரையில் புரண்டதைப் பார்த்தவர். "தண்ணி! மேல தண்ணி ஊத்துங்க!" என்று அலறினார்.

சாமி வந்தவர் மேல் ஊற்றச் சொன்னால் தயங்குவார்களா? பால்குடம் எடுத்துக்கொண்டு படியேறி வந்திருந்த ஓர் அம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, தலைமேல் இருந்த குடத்தை இறக்கி, மொத்தப் பாலையும் என் மேல் கவிழ்த்தார். தீ அணைந்தது. நான் பாலில் நனைந்து, நடுங்கிக்கொண்டு, வலது கை முழுக்கச் சிவந்து உட்கார்ந்தேன். அந்த அம்மாள் என் முன்னால் கைகூப்பினார்.

"சாமி, எம் பொண்ணுக்கு எப்போ கல்யாணம் ஆவும்?"

"தையில ஆவும். முதல்ல கொஞ்சம் தண்ணி குடு தாயி" என்றேன்.

சாமிக்குத் தாகம் எடுக்குமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாவா வேறு உண்மையைப் போட்டு உடைத்தார். மணவூரிலிருந்து விரதம் இருந்து வீட்டுக்காரரோடு வந்த அம்மாள் அவர். முகம் மாறியது.

"சாமி இல்லியா? எரிஞ்சுச்சா? அப்போ எம் பாலு?"

"உங்க பாலுதாம்மா உசுரக் காப்பாத்துச்சு" என்றார் பாவா.

"அது முருகனுக்கு வேண்டிகினு வந்த பாலு! இவன் யாரு? நைனா, இந்தா பாரு. எனக்கு இன்னொரு குடம் பால் வாங்கிக் குடுக்கிற. சாயரட்சைப் பூஜைக்குள்ள இதே கார்ல கொண்டாந்து இங்க விடற. இல்லன்னா எம் பொண்ணு கல்யாணத்துக்கு நீதான் பதில் சொல்லணும்."

மெட்ராஸ்காரர் என் தோளைத் தொட்டார். நல்ல மனிதர், அவருக்கே பாவமாக இருந்தது. "கையைப் பாரு. இன்னிக்கு போதும். இன்னொரு ஓட்டம் வேண்டாம். காரை நான் எடுத்துக்கிறேன், நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. பால் வழிந்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. பயம் இருக்கிறதே, அது எனக்கு ஒரு அளவு வரைக்கும்தான். அதைத் தாண்டினால் வீம்பாகிவிடும்.

"டாக்சி லோடு வேணும்னீங்களே சார். வந்துடுச்சு" என்று அந்த அம்மாளையும் அவர் வீட்டுக்காரரையும் காட்டினேன். "இவங்க ரெண்டு பேரு, நீங்க, பாவா. ஒரு குடம் பாலு. பங்க் பெட்ரோல்ல ஏத்தறேன்."

எஞ்சினை அணைத்து, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து உருட்டிக்கொண்டே ஷெட்டுக்கு இறங்கினோம். கையில் மருந்து தடவித் துணி சுற்றிக்கொண்டேன். பாவா மிச்ச ரேஸ் எண்ணெயை வடித்துவிட்டு, எண்ணெய் போகிற ஜெட்டைச் சின்னதாக மாற்றினார். பொறி கொஞ்சம் தாமதமாக வரும்படி டைமிங்கைப் பின்னால் திருப்பினார். எவ்வளவு பின்னால் என்று கேட்டேன். "குத்துமதிப்பா" என்றார். எஞ்சின் தலைக்கு அடியில் ஒன்றுக்கு இரண்டாகக் கேஸ்கட் தகடு வைத்தார், உள்ளே நெரிசல் குறையட்டும் என்று. டர்போ எவ்வளவு அழுத்தலாம் என்று தீர்மானிக்கிற ஸ்பிரிங்குக்குப் பதிலாக, பக்கத்துப் பவர்லூம் தறிக்காரரிடம் கேட்டு வாங்கிய ஒரு மெல்லிய ஸ்பிரிங். நான்கு கடாய் சோறு தின்கிறவனை ஒரு தட்டோடு நிறுத்துகிற வேலை.

"ரெண்டு அந்துருண்டைய டேங்கில போட்ருவமா மச்சான்? பெட்ரோலுக்கு சக்தி கூடும்ங்கிறாங்க" என்று காதில் கேட்டார்.

"வேணாம் பாவா. பங்க் பெட்ரோல்னா பங்க் பெட்ரோல்தான்."

சாயங்காலப் பால் கறந்து வந்ததும் குடம் நிறைய வாங்கினோம். அம்மாள் முன்சீட்டில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் அவர் வீட்டுக்காரர், மெட்ராஸ்காரர், பாவா. அடிவாரத்தில் நிறுத்தி, சுற்றிய கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு கேட்டாலும் நாளையிலிருந்து இது என் காரில்லை.

மிதித்தேன். முதுகு சீட்டில் ஒட்டவில்லை. காலையில் பறந்த கார் இப்போது நடந்தது. ஆனால் நல்ல நடை. எப்போதும் எல்லோரையும் இறக்கிவிடுகிற இடம் வந்தது. கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போனது, பழக்கம். கார் நிற்கவில்லை. விசில் மெல்லியதாக, வாயில் பல் இல்லாத ஆள் ஊதுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. அதைத் தவிர ஒரு சத்தம் இல்லை. மெட்ராஸ்காரர் காதைச் சீட்டின் முதுகில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன்டா மெதுவா போற? சாயரட்சை ஆரம்பிச்சுடும்" என்றார் அம்மாள்.

"பால் சிந்திடும்மா."

"பால நான் பாத்துக்கிறேன். நீ மிதி."

"நல்லா மிதி டிரைவர், அந்தம்மாதான் சொல்றாங்களே" என்று பின்னாலிருந்து மெட்ராஸ்காரர். மிதித்தால் தட்டும் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி வளைவு செங்குத்து. எஞ்சின் திணறத் தொடங்கியது. சூட்டு வாடை வந்தது. பாவா பின்னாலிருந்து முழங்காலால் என் சீட்டை ஓர் இடி இடித்தார். ஆக்சிலேட்டரிலிருந்து ஒரு நூல் அளவுக்குக் காலை எடுத்தேன். அந்த இடத்தில் ஏதோ ஒன்று தடதடவென்று தட்டியது உண்மை. அது என் பற்கள் என்று இன்றுவரை சாதித்து வருகிறேன். கார் முனகிக்கொண்டு வளைவைத் திரும்பி, கோயில் வாசலில் போய் நின்றது. அம்மாள் கதவைத் திறந்து, ஒரு சொட்டுச் சிந்தாத குடத்தோடு, எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு ஓடினார்.

"தட்டிச்சு" என்றார் மெட்ராஸ்காரர்.

"இல்ல."

"நீ காலை எடுத்துட்ட. முழுசா மிதிச்சிருந்தா தட்டியிருக்கும்."

"எடுத்தேன் சார். எடுக்கலன்னு எவன் சொன்னான்? எடுத்ததாலதான் தட்டலை. நீங்க தட்டாம ஏத்துன்னீங்க, ஏத்திட்டேன். உங்க செட்டிங்ல எண்ணெய் பாத்துக்கும். என் செட்டிங்ல என் கால் பாத்துக்கும்."

"இது ஏமாத்து வேலை. காலையில எவ்வளவு வேகம், இப்போ எவ்வளவு?"

"காலையில நாலு பேர ஏத்தினீங்களா? நாளைக்கு உங்க டின்னு இல்லாம இது மலைய வுட்டு இறங்குமா? நான் இறங்கி, பங்க்ல நிறுத்தி, ஊத்திகினு, இன்னொரு சவாரி ஏத்துவேன்." என் குரல் கோபுரம் வரைக்கும் கேட்டது. பயந்தவன் கத்துகிற கத்தல் எப்போதும் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

அவர் உதட்டைக் கடித்தார். "சரி, காரை நீயே வச்சுக்க. டர்போவை நான் எடுத்துக்கிட்டுப் போறேன். அது தட்டிச்சுன்னுதான் நான் சொல்வேன்."

"எடுத்துக்குங்க. ஸ்பேனர் டிக்கியில கீது."

பானட்டைத் திறந்தார். அந்தி வெளிச்சத்தில் டர்போ செக்கச் செவேலென்று கனிந்துகொண்டிருந்தது, கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு மாதிரி. காலையில் அவர் எண்ணெயில் பனி படிந்த இடத்துக்குப் பக்கத்தில், இப்போது ஒரு விரலைக் காட்ட முடியாத அனல். பங்க் பெட்ரோலுக்குப் பொறியைத் தாமதமாக்கினால் மிச்ச நெருப்பெல்லாம் டர்போவுக்குத்தான் போகும் என்று அவரே தலையாட்டிக்கொண்டு விளக்கினார். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஒருமுறை முயன்றார். கைக்குட்டை கருகியது.

"சூடாறட்டும்" என்றார்.

"ஆறட்டும் சார்" என்றேன். அதற்குள் கீழே இறங்க வண்டி தேடிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் வந்து, "அரக்கோணம் ஸ்டேஷன் வருமா?" என்று கேட்டது. "வரும், ஏறுங்க" என்றேன். மெட்ராஸ்காரர், அவருக்கும் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால், அவர்களோடு நெருக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்.

அரக்கோணத்தில் இறங்கியதும் பானட்டைத் தொட்டுப் பார்த்தார், கையை வெடுக்கென்று எடுத்தார். "அடுத்த மாசம் வந்து கழட்டிக்கிறேன்" என்று போனார். வந்தார். அவர் ஸ்டேஷனில் இறங்கியதும் டீக்கடைக்காரர் எனக்கு ஆள் அனுப்பிவிடுவார். நான் ஒரு சவாரியை ஏற்றிக்கொண்டு மலைக்கு ஓர் ஓட்டம் போய்வந்து, கனியக் கனிய அவர் முன்னால் நிறுத்துவேன். "எடுத்துக்குங்க சார்." மூன்றாவது தடவை வந்தபோது ஸ்பேனரை அவர் கேட்கவே இல்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "மலைக்குப் போ, சாமி கும்பிட்டு நாளாச்சு" என்றார். கடைசி வளைவில் நான் காலை எடுப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"இப்பவும் தட்டுச்சு" என்றார்.

"உங்க பல்லு சார்" என்றேன்.